போர்டா, போரிங்கா? படிவம் 1 பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். இடம் மலேசியாவின் சுங்கை சிப்புட். தோட்டத்துப் பிள்ளைகள் 9 பேர், படிவம் 1 (இடைநிலைப் பள்ளி முதலாண்டு), ஆங்கில டியூஷன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறோம். கட்டுரையில் ‘ஐ ஆம் போரிங்’ என்றே எழுதுகிறார்கள். சொல்ல வந்தது ‘எனக்குப் போரடிக்கிறது’. எழுதியதோ ‘நான் ஓர் அறுவை’.

முதலில் ‘ஆளுக்கு ஈ-டி (bored), பொருளுக்கு ஐ-என்-ஜி (boring)’ என்று சொல்லின் முடிவை வைத்து விதி கொடுத்தேன். அதுதான் வினையானது. ‘தி டீச்சர் இஸ் கன்ஃபியூசிங்’ என்ற வரியைக் கன்ஃபியூஸ்ட் என்று திருத்திவிட்டார்கள். ஆசிரியர் ஆள்தானே!

அடுத்து மலாய். ‘போசான்’ என்றால் போர்ட், ‘மெம்போசான்கான்’ என்றால் போரிங். இது சட்டென்று பிடிபட்டது. ஆனால் ‘மெனாகுத்கான்’ (பயமூட்டும்) வந்ததும் ‘ஸ்கேரிங்’ என்று எழுதுகிறார்கள். வழக்கில் இருப்பது ஸ்கேரி. ஸ்ட்ரெஸ்ட், ஸ்ட்ரெஸ்ஃபுல் ஜோடியிலும் இதே வழுக்கல். அவற்றைத் தனிப் பட்டியலாக மனப்பாடம் செய்யவைத்துச் சமாளித்துவிடலாம்.

‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமை வந்தால் ஈ-டி என்றும் சொல்லிப் பார்த்தேன். ‘நான் குழம்பிட்டேன்’ என்ற வரியில் அதுவும் உடைந்தது.

ஆளே காரணமாக வரும் வாக்கியங்களிலும் தப்பாமல் தேர்ந்தெடுக்க, நீங்கள் வகுப்பில் கொடுத்துப் பலித்த பயிற்சி எது?