கடல்பாசி ஏன் உறையல?

நிலோஃபர்: அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு தொறக்க கடல்பாசி காச்சுனேன். ரெண்டு மணி நேரமா ஃபிரிட்ஜுல இருக்கு, இன்னும் கொழகொழன்னுதான் இருக்கு 😩

மாமி: வஅலைக்கும் ஸலாம். பாசிய ஊற வச்சியாம்மா?

நிலோஃபர்: வச்சேன் மாமி. கட்டியே இல்லாம கரைஞ்சுச்சு. அப்புறம் எலுமிச்சம்பழம் புழிஞ்சு நல்லா கொதிக்க விட்டேன்

ஆமினா ராத்தா: அதான் விஷயமே. புளிப்போட சேர்ந்து கொதிச்சா பாசி உறையுற சக்தி போயிரும். அடுப்ப அணைச்சப்புறம்தான் எலுமிச்ச புழியணும்

யூசுஃப் காக்கா: ↪ பலமுறை பகிரப்பட்டது
*சைனா கிராஸ் மாட்டு எலும்புல செய்றாங்க!! உஷார்!!*
சைனா கிராஸ்னா நம்ம கடல்பாசிதானே, இது நெசமாம்மா ஆமினா?

ஆமினா ராத்தா: இல்ல காக்கா. எலும்பு, தோல்ல எடுக்குறது ஜெலட்டின். இது சிவப்புக் கடல்பாசிய காச்சி எடுக்குற அகர். மண்டபம், பாம்பன் பக்கம் பொம்பளைங்க விரல்ல துணி சுத்திக்கிட்டு முங்கிப் பறிப்பாங்கல்ல, அந்த மரிக்கொழுந்துப் பாசியிலயும் கஞ்சிப்பாசியிலயும் இருக்கு. அதுல மரிக்கொழுந்துதான் கெட்டியா உறையும்

நிலோஃபர்: சிவப்புப் பாசின்னா இது ஏன் வெள்ளையா இருக்கு?

ஆமினா ராத்தா: அந்தச் சிவப்பு வெயிலுக்கு நிக்காது. கழுவிக் கழுவிக் காயப்போட்டா வெளுத்துரும்

மாமி: கஞ்சிப்பாசியில கஞ்சியே காச்சிக் குடிப்பாங்க. பேரே அதான்

சமீர்: எங்க லேப்ல கிருமி வளக்குறதே அகர்லதான் 😎 கிருமி ஆராய்ச்சி பண்ணுன ராபர்ட் காக் காலத்துல ஜெலட்டின்ல வளத்தாங்க. 37 டிகிரியில உருகிப் போயிரும். 1881 வாக்குல ஃபேனி ஹெஸ்ஸேன்னு ஒரு அம்மா, காக் லேப்ல இருந்த தன் வூட்டுக்காரருக்கு அகர போட்டுப் பாக்கச் சொன்னாங்க. அடுக்களையில ஜாம், ஜெல்லிக்கு அததான் போடுவாங்களாம். ஜாவாவுல இருந்து வந்தவங்க சொல்லித் தெரிஞ்சது

நிலோஃபர்: நோன்பு தொறக்குற நேரத்துல கிருமிக் கதையாடா 🤢

சமீர்: விஷயத்தக் கேளு. அகர் 40 டிகிரிக்குக் கீழ வந்தாத்தான் உறையும். உறைஞ்சத திரும்ப உருக்க 85 டிகிரியாவது வேணும். நம்மூரு வெயில்ல வெளிய வச்சாலும் அப்படியே நிக்கும்

யூசுஃப் காக்கா: எனக்கு சுகர் இருக்கே, திங்கலாமா?

ஆமினா ராத்தா: பாசி முக்காவாசி நார்ச்சத்துதான் காக்கா, அது சுகர ஏத்தாது. நீங்க ஊத்துற சீனியும் மில்க்மெய்டும்தான் ஏத்தும்

யூசுஃப் காக்கா: அது இல்லாம எப்படிம்மா

நிலோஃபர்: இப்ப இத என்ன செய்யுறது? மஹ்ரிபுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு

ஆமினா ராத்தா: கொட்டிராத. வேற பாசி கொஞ்சம் வெறுந்தண்ணியில கொதிக்க வச்சுக் கரை. பழச லேசா சூடு பண்ணி அதோட கலந்து தட்டுல ஊத்து. அரை மணி நேரத்துல உறைஞ்சிரும்

மாமி: எலுமிச்ச போட்டதுல பால் ஊத்திராத, திரிஞ்சிரும்

நிலோஃபர்: சரி மாமி, அடுப்பு பத்த வச்சுட்டேன்

ஆமினா ராத்தா: காக்கா, அந்த ஃபார்வர்ட மத்த குரூப்புலயும் போட்டீங்களா?

யூசுஃப் காக்கா: ஜமாஅத் குரூப்புல மட்டும் 🙈