மறுமொழி: ‘ஃபயர் ரேட்டட் கிளாஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

[தொடக்க மடல் – கோவையிலிருந்து]

அனைவருக்கும் வணக்கம்.

நூற்பாலை மேற்பார்வையாளர்களுக்கான தீப் பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பஞ்சுக் கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் நடுவே இருக்கும் கண்ணாடித் தடுப்பு, தீக்கதவில் எட்டிப் பார்க்க வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி, மாடிப்படியை ஒட்டிய கண்ணாடிச் சுவர் என்று பக்கத்துக்குப் பக்கம் ‘ஃபயர் ரேட்டட் கிளாஸ்’ (தீயைக் குறித்த நேரம் தாங்கும் என்று சோதித்த கண்ணாடி) வருகிறது. எந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். “தீ மதிப்பிடப்பட்ட கண்ணாடி” என்றது. அதையாவது பொறுக்கலாம். கண்ணாடி கட்டுவிடாமல் நிற்கும் நேரத்தைச் சொல்லும் ‘இன்டெக்ரிட்டி 60 நிமிடம்’ என்பதை “நேர்மை 60 நிமிடங்கள்” என்று தந்தது. அறுபத்தோராம் நிமிடத்தில் கண்ணாடி லஞ்சம் வாங்க ஆரம்பிக்கும் போலிருக்கிறது.

அட்டவணையில் ஈ, ஈடபிள்யூ, ஈஐ என்று ஆங்கில எழுத்துகள் வேறு. ‘ஈ 60’ என்று எழுதினால் படிக்கிறவர் அறுபது ஈக்களை எண்ணுவார். இப்போதைக்கு எல்லாவற்றுக்கும் பொதுவாகத் ‘தீத்தடுப்புக் கண்ணாடி’ என்று போட்டு வைத்திருக்கிறேன். போதுமா?

----------

[தஞ்சாவூரிலிருந்து]

அம்மா, சொல் சுருங்கியிருந்தால்தான் புழங்கும். இயற்பியல் பாடத்தில் குழியாடி, குவியாடி என்று ‘ஆடி’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ‘தீயாடி’ என்றால் மூன்றே எழுத்து. தீயில் ஆடுகிறவன் என்று சிவபெருமானுக்கும் ஆகிவரும். அதனால் பாதகமில்லை, தீ நடுவே கலங்காமல் நிற்பவன்தானே.

----------

[சென்னையிலிருந்து]

>> எல்லாவற்றுக்கும் பொதுவாகத் ‘தீத்தடுப்புக் கண்ணாடி’ என்று போட்டு வைத்திருக்கிறேன். போதுமா?

போதாது அக்கா. இந்த ‘எல்லாவற்றுக்கும் பொதுவாக’ என்பதுதான் சைட்டில் எங்கள் உயிரை எடுக்கிறது. கண்ணாடி வேலையில் பல வருடம் ஓட்டியவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் தீத்தடுப்பு. இந்தச் சொல் தீ பிடிக்காமல் பார்த்துக்கொள்வதற்குப் போய்விட்டது. புகை பிடிக்காதே, ஒயரைச் சரிபார், பஞ்சுக் கழிவைக் கூட்டு: இதெல்லாம் தீத்தடுப்பு. நாம் பேசும் கண்ணாடிக்கு வேலையே தீ பிடித்த பிறகுதான் தொடங்குகிறது. பிடித்த தீயை இந்தப் பக்கம் விடாமல் குறித்த நேரம் நிற்க வேண்டும். அந்த நேரம் சொல்லுக்குள் வராவிட்டால் சொல்லால் பயனில்லை.

சாதாக் கண்ணாடி தீயில் ஏன் நிற்பதில்லை என்றால், அது எரிந்துபோவதால் இல்லை. நடுப்பகுதி சூடேறி விரிகிறது, ஃப்ரேமுக்குள் ஒளிந்திருக்கும் ஓரம் குளிர்ந்தே கிடக்கிறது. இரண்டுக்கும் ஏறத்தாழ 40 டிகிரி வித்தியாசம் வந்தாலே விரிசல் ஓடிவிடும். சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய டஃபன்ட் கிளாஸ் 200 டிகிரி வரை தாங்கும் என்பார்கள். அதுவும் சில நிமிடக் கணக்குத்தான், பிறகு கற்கண்டாக உதிர்ந்துவிடும். சோதனை உலையின் கணக்கைப் பாருங்கள். உலையின் சூடு நேரத்தோடு எப்படி ஏற வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓ 834 வளைவுப்படி 10 நிமிடத்தில் 678 டிகிரி, 30 நிமிடத்தில் 842, ஒரு மணி நேரத்தில் 945, இரண்டு மணி நேரத்தில் 1049. அலுமினியம் 660-இல் உருகிவிடும். எவ்வளவு நல்ல கண்ணாடியை வாங்கினாலும் வெறும் அலுமினிய ஃப்ரேமில் மாட்டினால் பத்தாவது நிமிடம் ஃப்ரேம் இருக்காது. இதைக் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இனி அந்த எழுத்துகள். ஐரோப்பிய வகைப்பாடு ஈஎன் 13501-2-இல் வருபவை.

ஈ என்றால் தீயும் சூடான வாயுக்களும் அந்தப் பக்கமே நிற்கும், அவ்வளவுதான். சோதனையில் இந்தப் பக்கம் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து தழல் தெரியக்கூடாது, இடைவெளி அளக்கும் கம்பி நுழைகிற மாதிரி இடைவெளி விழக்கூடாது. ஆனால் கண்ணாடி தெளிவாகவே இருப்பதால் அனல் அப்படியே ஊடுருவி வரும். பழைய வயர்டு கிளாஸ் இந்த இனம். அது உடையத்தான் செய்யும், உள்ளே இருக்கும் கம்பிவலை துண்டுகளை விழவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஆள் மோதினால் கை கிழியும் என்பதால் அமெரிக்கக் கட்டட விதித்தொகுப்பு 2006 பதிப்பில், ஆள் மோதக்கூடிய இடங்களில் அந்தப் பழைய வகைக்கு இருந்த சலுகையை எடுத்துவிட்டார்கள். இங்கே இன்னமும் தீக்கதவில் வயர்டு கிளாஸ் பார்த்தால் ‘பலே, கம்பி இருக்கு, ஸ்ட்ராங்கு’ என்கிறார்கள். போரோசிலிகேட், செராமிக் கண்ணாடிகளும் தனியாக நின்றால் ஈ வகைதான். அவை சூட்டில் அதிகம் விரியாததால் உடையாமல் நிற்கின்றன, அனலை மறிப்பதில்லை.

ஈடபிள்யூ என்றால் ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் அனல் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட்டைத் தாண்டாது. ‘குறைத்துவிட்டார்கள்’ என்று நிம்மதி அடைய வேண்டாம். உச்சி வெயிலே ஏறத்தாழ 1 கிலோவாட்தான். பதினைந்து சூரியனுக்கு முன்னால் யார் நடந்து போவார்கள்?

ஈஐ என்றால் தழலும் வராது, அனலும் வராது. தீ இல்லாத பக்கத்தில் கண்ணாடியின் வெப்பம் தொடக்க நிலையைவிடச் சராசரியாக 140 டிகிரிக்கு மேல், எந்தப் புள்ளியிலும் 180-க்கு மேல் ஏறக்கூடாது. தொட்டால் சுடும்தான், ஆனால் ஓரமாக ஆள் ஓடிவிடலாம், அருகில் கிடக்கும் பஞ்சு பற்றாது. உங்கள் நூற்பாலைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இது எப்படி நடக்கிறது என்றால், பல கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சோடியம் சிலிகேட் படலமோ கூழோ இருக்கும். சுமார் 120 டிகிரியில் அப்பளம் பொரிவதுபோல அது பொங்கி, வெள்ளை நுரையாகிக் கண்ணாடியை மறைத்துவிடும். ஒரு மணி நேரத்துக்கானது பெரும்பாலும் 25 மி.மீ. தடிமனை ஒட்டி வரும். சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல் கனம். சைட்டில் அறுக்க முடியாது, துளை போட முடியாது, ஓரத்து டேப் கிழிந்தால் உள்ளே ஈரம் போய்க் கெட்டுவிடும். பல தயாரிப்புகளுக்கு 50 டிகிரி மேல்வரம்பு. நம் ஊர் மேற்குவெயிலில் கண்ணாடி அதைச் சாதாரணமாகத் தொடும். எனவே வெளிச்சுவருக்கு வாங்குகிறவர்கள் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. பொதுப்பெயர்: தீத்தாங்கு கண்ணாடி. நேரம் முன்னால் ஒட்டும்: ‘60 நிமிடத் தீத்தாங்கு கண்ணாடி’. நமக்கு இடிதாங்கி இருக்கிறது, சாலையோரச் சுமைதாங்கிக் கல் இருக்கிறது. சுமைதாங்கி சுமையை ஒழிப்பதில்லை, தூக்கி வந்தவர் இளைப்பாறும்வரை வைத்திருக்கிறது. இந்தக் கண்ணாடியும் தீயை ஒழிப்பதில்லை, ஆட்கள் வெளியேறும்வரை தாங்குகிறது.

அதற்குள் மூன்று வகை:
ஈ – தழல்மறி
ஈடபிள்யூ – அனல்குறை
ஈஐ – அனல்மறி

அகராதியில் தழலும் அனலும் இரண்டுமே நெருப்பு என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். பேச்சில் அப்படி இல்லை. ‘அனல் அடிக்குது’ என்று சொல்பவருக்கு நெருப்பு கண்ணில் படவேண்டியதில்லை. அனல்மின் நிலையம் என்று அரசும் வெப்பத்துக்குத்தான் இச்சொல்லை வைத்தது. மறி என்பதற்கு வழிமறி, சாலை மறியல் என்று ஆட்டோக்காரர்வரை பொருள் தெரியும். (ஆட்டுக்குட்டிக்கும் மறி என்று பெயர். தழல் ஆட்டுக்குட்டி என்று யாரும் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.)

இன்டெக்ரிட்டிக்கு ‘கட்டுக்குலையாமை’. இன்சுலேஷனுக்கு ‘அனல்காப்பு’. வெறும் ‘காப்பு’ என்றால் எலக்ட்ரீஷியன் மின்காப்பு என்று எடுத்துக்கொள்வார்.

தீயாடி பற்றி: ஐயா, சொல் அழகு. ஆனால் பர்சேஸ் ஆர்டரில் ‘தீயாடி 40 எண்ணம்’ என்று எழுதினால் கண்ணாடி வருமா, கூத்துக்காரர்கள் வருவார்களா என்று தெரியவில்லை. மன்னிக்கவும்.

கடைசியாகச் ‘சான்று பெற்ற’ என்ற அடைமொழி. ஒரு வணிகக் கட்டடத்தில் எனக்கு நேர்ந்தது. சப்ளையர் சான்றிதழ் நகலை நீட்டினார். முத்திரை சரி, ஆய்வகம் சரி, 120 நிமிடம் என்பதும் சரி. உள்ளே படித்தால், சோதித்தது கதவுக்குள் வைக்கும் சின்னப் பார்வைத் துண்டு, எஃகு ஃப்ரேமில். எங்களுக்கு வந்து இறங்கியதோ தரையிலிருந்து கூரைவரை போகும் தடுப்பு, அலுமினியத்தில். ‘கண்ணாடி ஒண்ணுதானே சார்’ என்றார். ஒன்றுதான். ஆனால் சோதிப்பது கண்ணாடியை மட்டும் அல்ல. ஃப்ரேம், கேஸ்கெட் (ஓர அடைப்பு), பீடிங் (கண்ணாடியை ஃப்ரேமில் பிடிக்கும் பட்டை), திருகு இடைவெளி, அடியில் வைக்கும் தாங்கு கட்டை எல்லாம் சேர்ந்த ஒரு பூட்டுமானத்தை. இதில் ஒன்றை மாற்றினாலும், சோதித்த அளவை மீறினாலும் அந்தச் சான்று செல்லாது. ஈ வகைச் சான்றைக் காட்டி ஈஐ கேட்ட இடத்தில் மாட்டுவதும் உண்டு. 120 என்ற எண் இரண்டிலும் ஒன்றுதானே, யார் எழுத்தைப் பார்க்கிறார்கள்?

அதனால்தான் பொதுச்சொல் போதாது என்கிறேன். வகைப்பெயரும் நிமிடமும் சேர்ந்தே வரட்டும்: ‘60 நிமிட அனல்மறி’. பிரித்து எழுத இடம் கொடுக்காதீர்கள்.

----------

[தஞ்சாவூரிலிருந்து]

தம்பி, தீயாடியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கூத்துக்காரர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் போதும், வந்துவிடுவார்கள்.

ஓர் இலக்கணக் குறிப்பு மட்டும். இடிதாங்கி, சுமைதாங்கி இரண்டிலும் ஒற்று மிகவில்லை, இரண்டாம் வேற்றுமைத் தொகை. அந்த வழியில் ‘தீதாங்கு’ என்றுதான் வரவேண்டும் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் தீ ஓரெழுத்துச் சொல். தீப்பெட்டி, தீக்குச்சி, தீத்தடுப்பு என்று காதும் கையும் ஒற்றோடு பழகிவிட்டன. ஒற்றில்லாமல் எழுதினால் ‘தீது ஆங்கு’ என்று பிரித்துப் படிக்கவும் வழி உண்டு. பாதுகாப்புக் கையேட்டில் அது வேண்டாம். தீத்தாங்கு என்றே இருக்கட்டும்.

பொங்கும் அந்தப் படலத்துக்குப் ‘பொங்குபடலம்’ போதும். உப்பிப் பெருப்பதால் ‘உப்புபடலம்’ என்றால் சோடியம் என்றதும் உப்பைத்தான் நினைப்பார்கள்.

----------

[கோவையிலிருந்து]

இருவருக்கும் நன்றி. தீத்தாங்கு கண்ணாடி, தழல்மறி, அனல்குறை, அனல்மறி, பொங்குபடலம், கட்டுக்குலையாமை ஆறையும் சேர்த்துவிட்டேன். கண்ணாடி மூலையில் அச்சிட்டிருப்பது ஆங்கில எழுத்துத்தான் என்பதால், முத்திரையின் படத்தைப் போட்டு அதன்கீழ் தமிழ்ப் பெயரை எழுதியிருக்கிறேன்.

நேற்று அந்தப் பக்கத்தை ஒரு மேற்பார்வையாளரிடம் படித்துக் காட்டினேன். சொற்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “அப்ப நம்ம மாடிப்படிகிட்ட இருக்கிறது தழல்மறியா, அனல்மறியா?” என்றார். இருவருமாகப் போய்ப் பார்த்தோம். டார்ச் அடித்து நான்கு மூலையும் தேடினோம். முத்திரையே இல்லை. பீடிங்குக்குள் மறைந்திருக்குமோ என்று ஒன்றைக் கழற்றியும் பார்த்தாயிற்று. கணக்குப் பிரிவில் சான்றும் இல்லை, பில்லில் ‘கிளாஸ் வொர்க்’ என்று மட்டும் இருக்கிறது. இந்த வகைக்கு என்ன பெயர் வைப்பது?

----------

[சென்னையிலிருந்து]

அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது அக்கா. சாதாக் கண்ணாடி.