அலுவலுக்கும் ஆட்டத்துக்கும் ஒரே மடிக்கணினி: பெங்களூரில் தேடியவர்களின் அனுபவங்கள்

அல்சூர்வாசி எழுதியது:

எஸ்.பி. ரோட்டுக் கடையொன்றில் நடந்தது இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை என்பதால் எழுதுகிறேன். பகலில் டாலியும் எக்செல்லும், இரவில் ஆட்டம் என்பதுதான் என் தேவை. ஆட்டத்தின் காட்சிகளை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060ஆக இருக்க வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்திருந்தேன். அந்தக் கார்டு உள்ள இரண்டு கணினிகள் மேசை மேல் இருந்தன. ஒன்று மெலிந்து, சாம்பல் நிறத்தில், எந்த வாடிக்கையாளர் முன்னிலையிலும் கூச்சமின்றித் திறக்கக் கூடியதாக இருந்தது. மற்றொன்று தடித்தது, விலையும் குறைவு. கார்டு ஒன்றுதானே என்று மெலிந்ததைக் கட்டித் தரச் சொன்னேன்.

கடைக்காரர் ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். அவர் பதில் பேசாமல் இரண்டின் அடாப்டர்களையும் எடுத்து என் இரு கைகளிலும் வைத்தார். இடக்கையில் இருந்தது கைபேசி சார்ஜரைவிடச் சற்றே பெரிய 100 வாட் டைப்-சி. வலக்கையில் இருந்தது செங்கல் போல் கனத்த 230 வாட். "கார்டு பேரு ஒண்ணுதான் சார், கரண்ட் எங்கேயிருந்து வரும்?" என்றார். பிறகு இரண்டிலும் ஒரே ஆட்டத்தை ஓடவிட்டார். தொடக்கத்தில் வேறுபாடு தெரியவில்லை. சற்று நேரம் போனதும் மெலிந்ததில் காட்சி திக்கத் தொடங்கியது, விசைப்பலகையின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியது.

மடிக்கணினிக்கான 4060 கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ளத் தயாரிப்பாளர்களுக்கு என்விடியா இடம் கொடுத்திருக்கிறது. வாட் குறைந்தால் கார்டின் வேகமும் குறையும். முன்பெல்லாம் குறைந்த வாட் வகைக்கு மேக்ஸ்-க்யூ என்ற அடையாளமாவது பெயரோடு ஒட்டியிருக்கும். 2021இல் மடிக்கணினிகளுக்கு ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வந்தபோது அதுவும் பெயரிலிருந்து நீங்கிவிட்டது. ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை வைத்து இரண்டு கணினிகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

மாரத்தஹள்ளிக்காரன் எழுதியது:

வாட் கணக்கெல்லாம் சரி, நண்பரே. ஆனால் தடித்ததை வாங்கியவன் கதையையும் கேளுங்கள். அவுட்டர் ரிங் ரோட்டில் உள்ள ஓர் அலுவலகத்தில், பெரிய ஒப்பந்தம் ஒன்றுக்காக விளக்கம் அளிக்கப் போயிருந்தேன். விசைப்பலகையின் வண்ண விளக்குகளை அணைத்திருந்தேன், விசிறியை அமைதி நிலையில் வைத்திருந்தேன், கணினி பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. யார் பார்த்தாலும் அலுவலகக் கணினி என்றே சொல்வார்கள். எச்டிஎம்ஐ கம்பியைச் செருகியதுதான் தாமதம், விசிறி சீறத் தொடங்கியது. மேசையின் எதிர்ப்புறம் இருந்த நிதித்துறைத் தலைவர் அம்மையார், கையைச் சற்றே உயர்த்தி என்னை நிறுத்தி, "அந்த ஏசியை யாராவது பாருங்கள்" என்று தம் ஊழியரிடம் சொன்னார். ஏசி இல்லை, என் கணினிதான் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று.

காரணத்தைப் பின்னர்தான் அறிந்தேன். ஆட்டக் கணினிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ வாய் நேராகத் தனிக் கார்டோடு இணைக்கப்பட்டிருக்கும். புரொஜெக்டரை மாட்டிய கணமே உறங்கிக்கொண்டிருந்த கார்டு விழித்துக்கொள்ளும். நாம் காட்டுவது வெறும் பவர்பாயிண்ட் பக்கமே என்றாலும் பேட்டரி கரையும். சில மாதிரிகளில் டைப்-சி வாய் மட்டும் செயலியோடு ஒட்டிய கிராபிக்ஸில் இணைந்திருக்கும். அவற்றில் டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சிறு இணைப்பான் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. எந்த வாய் எதோடு இணைந்திருக்கிறது என்பதை விற்பனைக் குறிப்புகளில் எழுத மாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

இந்திராநகர் கணக்கர் எழுதியது:

மேலே எழுதிய இருவருமே முக்கியமானதை விட்டுவிட்டார்கள். நான் வாங்கிய கடையில் ஜிஎஸ்டி எண்ணைச் சேர்க்காமல் என் சொந்தப் பெயரில் பில் போட்டுக் கொடுத்தார்கள், திருத்தித் தரக் கேட்டபோது, "கேமிங் லேப்டாப்புக்கு எதுக்கு சார் கம்பெனி பில்?" என்று அங்கிருந்த பையன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே இந்த விளக்கம்.

மடிக்கணினிக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. பில் தொகை 1,18,000 ரூபாய் என்றால் அதில் 18,000 வரி. பதிவு பெற்ற தொழில் உடையவர்கள் தங்கள் ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கினால் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். எஞ்சிய ஒரு லட்சத்துக்கு வருமான வரிக் கணக்கில் கணினி என்ற வகையில் ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் கோரலாம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதிதான். நிதியாண்டு மார்ச்சோடு முடிவதால் அக்டோபர் பிறப்பதற்குள் வாங்கிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது நல்லது. தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருப்பவர்கள் இதையும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். வரவாக எடுத்த வரித் தொகையின் மீது தேய்மானமும் கோரக் கூடாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஆட்டக் கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் ஹோம் பதிப்போடுதான் வருகின்றன. அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் சேர்ப்பதற்கும், வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரை முழுமையாக நிர்வகிப்பதற்கும் ப்ரோ பதிப்பு வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும். மாரத்தஹள்ளி நண்பர் விசிறிச் சத்தத்தைப் பெரிதாக்குகிறார் என்பது என் கருத்து. ஒப்பந்தம் கிடைத்ததா இல்லையா என்பதை அவர் எழுதவே இல்லை.

மாரத்தஹள்ளிக்காரன் எழுதியது:

கிடைத்தது ஐயா. சத்தம் கேட்டதும் உண்மை.

ஒயிட்ஃபீல்டு பயணி எழுதியது:

அல்சூர் நண்பர் அந்த 230 வாட் அடாப்டரைக் கடையில் ஒரு நிமிடம் கையில் பிடித்திருக்கிறார். நான் ஒயிட்ஃபீல்டிலிருந்து எம்.ஜி. ரோடு வரை காலை நேர ஊதா வழித்தட மெட்ரோவில் தினமும் நின்றுகொண்டு போகிறவள். கணினியும் அடாப்டருமாக மூன்று கிலோவுக்கு மேல் தோளில் தொங்கினால் என்ன ஆகும் என்பது எனக்குத்தான் தெரியும். அலுவலகத்தில் பொதுவாக வைத்திருக்கும் டைப்-சி சார்ஜரை மாட்டிக்கொள்ளலாமே என்பார்கள். மாட்டலாம், கணினி ஏற்றுக்கொண்டால் மின்னஞ்சலுக்கும் எக்செல்லுக்கும் அது போதும், ஆட்டத்துக்குப் போதாது.

எனக்கு வேண்டியது மகன் உறங்கிய பிறகு ஒரு மணி நேரக் கால்பந்து ஆட்டம். அதற்குத் தனிக் கார்டே தேவையில்லை என்று சொன்னால் இங்கே பலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். ஏஎம்டியின் ரைசன் 7 7840 வகைச் செயலிகளில் ரேடியான் 780எம் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. நான் வாங்கியதில் அதுவும் முதலில் தடுமாறத்தான் செய்தது. பழுது பார்ப்பவர் பின்மூடியைக் கழற்றியதும் எனக்கே விளங்கியது: இரண்டு ரேம் இடங்களில் ஒன்று வெறுமையாக இருந்தது. இன்னொரு 16 ஜிபியைச் சாய்த்துச் செருகி அழுத்தினார், இரு பக்கக் கொக்கிகளும் 'டக்'கென்று பிடித்துக்கொண்டன. அங்கேயே அதே ஆட்டத்தைத் திறந்தேன். பார்வையாளர் கூட்டம் தெரியும் கோணத்தில் எப்போதும் நின்று நின்று நகரும் காட்சி, தடையின்றி ஓடியது. உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஒற்றை ரேம் என்றால் அதற்குப் பாதி வழிதான் திறந்திருக்கும். மெலிந்த கணினிகள் பலவற்றில் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள் என்பதால், பின்னர் சேர்க்க முடியுமா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

கணினிப் பாதுகாப்புப் பிரிவு ஊழியன் எழுதியது:

இங்கே எல்லோரும் சொந்தப் பணத்தில் வாங்கியதைப் பேசுகிறீர்கள். நிறுவனம் கொடுத்த கணினியில் ஆடுகிறவர்களைப் பற்றி ஒரு சொல். எங்கள் அலுவலகத்தில் ஓர் இளைஞருக்கு நல்ல கார்டு உள்ள வொர்க்ஸ்டேஷன் வகைக் கணினி கொடுக்கப்பட்டிருந்தது. அவர் அதில் வேலரண்ட் நிறுவினார். அந்த ஆட்டத்தோடு வரும் வான்கார்டு என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கர்னல் நிலையில், அதாவது இயங்குதளத்தின் உள்மையத்தில், இயங்குவது. ஆட்டத்தைத் திறக்காத போதும் கணினி தொடங்கும்போதே தானும் ஏறிவிடும். அனுமதியில்லாத டிரைவர் ஒன்று கர்னலில் ஏறியிருக்கிறது என்ற எச்சரிக்கை எங்கள் திரையில் சிவப்பாக வந்தது. அவரை அழைத்துக் கேட்டபோது, முகம் வெளுத்து, "ஆட்டத்தை நேற்றிரவே மூடிவிட்டேனே சார்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அறிக்கையை எழுதியவன் நான் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

கணக்கர் ஐயாவிடம் ஒரு கேள்வி. சொந்தப் பயன்பாட்டுக்கான பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று சட்டத்திலேயே இருக்கிறதே. இரவெல்லாம் ஆடும் கணினிக்கு முழு வரவு எடுக்கச் சொல்வது எப்படிச் சரி?

இந்திராநகர் கணக்கர் எழுதியது:

தொழிலுக்குப் பயன்படும் அளவுக்குத்தான் வரவு. சொந்தப் பயன்பாட்டின் பங்கைக் கழித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நான் அதைச் சொல்லாமல் விட்டது இடம் போதாமையால்.

சிவாஜிநகர் மாணவன் எழுதியது:

பணம் கட்டுவதற்கு முன்பு வாட் அளவைக் கடையிலேயே சரிபார்க்க வழி உண்டா?

அல்சூர்வாசி எழுதியது:

உண்டு, தம்பி. காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதிக்குப் போய், மேக்சிமம் கிராபிக்ஸ் பவர் என்ற வரியைப் பாருங்கள். செயலியின் மின்பங்கைக் கார்டுக்குத் திருப்பிவிடும் டைனமிக் பூஸ்ட் சேர்ந்த உச்ச அளவு அதில் இருக்கும் என்பதால் 115 வாட் கார்டுக்கு 140 என்று காட்டினால் குழம்ப வேண்டாம். 60, 70 என்று காட்டினால், அந்தக் கணினியின் உண்மையான போட்டி ஒரு படி கீழே உள்ள மலிவான கார்டோடுதான். விலையை அதோடு வைத்துப் பேசுங்கள்.