காரைக்குடி மேப்: தரை படிக்கட்டாக வருகிறது, கண்மாயைக் காணோம். உதவி!

செக்காலைப்பையன்: நகரம் கட்டும் கேம் ஒன்றுக்குக் காரைக்குடியை உள்ளது உள்ளபடி மேப்பாகச் செய்கிறேன். உயரப் படத்தை (தரையின் மேடு பள்ளத்தைச் சாம்பல் நிறச் சாயலில் காட்டும் படம்) ஏற்றினால் தரை முழுக்கப் படிக்கட்டு. கண்மாய் ஒன்றுகூட இல்லை. தண்டவாளம் ஒவ்வொரு படியிலும் ஏறி இறங்குகிறது. அவசரம், யாராவது சொல்லுங்கள்.

ரஸ்தாக்காரன்: எந்த கேம்? உயரத் தரவு எங்கே எடுத்தீர்கள்?

ஆத்தங்குடிக்கல்: மேப்பில் தண்ணீர் வரவைக்கும் நீர் ஊற்று வைத்திருக்க மாட்டீர்கள். வையுங்கள், கண்மாய் தானாக வரும்.

ரஸ்தாக்காரன்: தண்ணீர் விட்டால் படி எப்படி அண்ணே போகும்?

செக்காலைப்பையன்: சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ், முதல் பாகம். எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவு.

மேப்வாத்தியார்: இதைப் பலமுறை எழுதியாகிவிட்டது, தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. படம் 8 பிட்டா, 16 பிட்டா? அதைச் சொல்லாமல் அவசரம் என்றால் என்ன செய்வது? கேம் கேட்பது 1081×1081 புள்ளி, 16 பிட். கேமின் மொத்த உயரமான 1024 மீட்டரை 8 பிட் படம் 256 படியாக வெட்டும், அதாவது படிக்கு 4 மீட்டர். மலையூரில் அது கண்ணில் படாது. காரைக்குடி மாதிரிச் சமதரையில் கண்மாய்க் கரையே அதற்குள் மறைந்துவிடும். 16 பிட்டில் ஒரு படி 2 சென்டிமீட்டர்கூட இல்லை. படம் திருத்தும் மென்பொருளில் கிம்ப் 2.8 வேண்டாம், அது 8 பிட்தான். 2.10-இல் சேமியுங்கள்.

ஊருணிக்கரை: பிட்டைச் சரிசெய்தாலும் கண்மாய் முழுதாகக் கிடைக்காது. அந்தத் தரவு 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் எடுத்தது. தண்ணீர் நின்ற இடத்தில் அதன் மேல்மட்டம்தான் பதிவாகும். உள்வாயை, அதாவது தண்ணீர் நிற்கும் பள்ளத்தை, நீங்களே தோண்ட வேண்டும். மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் கலுங்கை மறக்காதீர்கள், இல்லையென்றால் தண்ணீர் கரை தாண்டி ஊருக்குள் வரும்.

ரஸ்தாக்காரன்: மேப்பில் தேவகோட்டை வருமா? பஸ் கூட்டமே அந்த ரோட்டில்தான்.

ஆத்தங்குடிக்கல்: கானாடுகாத்தான் இல்லாமல் என்ன செட்டிநாடு?

மேப்வாத்தியார்: மேப்பின் ஒரு பக்கம் 17.28 கி.மீ. இரண்டு ஊரும் சேர்ந்து அடங்காது.

ரஸ்தாக்காரன்: அப்படியானால் தேவகோட்டைதான். கானாடுகாத்தான் வீடுகள் முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. கேமில் மனை ஆழம் 4 கட்டம், 32 மீட்டர். எப்படி வைப்பீர்கள்?

ஆத்தங்குடிக்கல்: தனிக் கட்டடமாகச் செய்து வைக்கலாமே. கானாடுகாத்தான் பக்கம் போனால் செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி என்று மூன்று ஸ்டேஷன் ஒரே பாதையில் கிடைக்கிறது. அதை விடுவார்களா?

ரஸ்தாக்காரன்: ஸ்டேஷன் இருந்தால் போதுமா, ஏறி இறங்க ஆள் வேண்டாமா?

செக்காலைப்பையன்: 16 பிட்டில் ஏற்றினேன், படி போய்விட்டது. நன்றி. கண்மாய் தோண்டப் போகிறேன்.

ஆத்தங்குடிக்கல்: தம்பி, நடுவில் எந்த ஊரை வைத்தீர்கள்?