ரீபோர் செய்த இன்ஜினில் நீலப் புகை, யாராவது வழி சொல்லுங்கள்

மன்னார்குடியில் இருக்கிறேன். அப்பாவின் பழைய 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் பைக்கைப் போன மாதம் ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து), புது பிஸ்டன், ரிங், வால்வு சீல் எல்லாம் போட்டோம். 500 கி.மீ. தாண்டியும் ஆக்சிலேட்டரை முறுக்கினால் சைலன்சரில் நீலப் புகை வருகிறது, ஆயிலும் குறைகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகை இல்லை.

மெக்கானிக் சொன்னபடி 40 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல்தான் ஓட்டினேன். ஆயிலை வடித்துப் புது மினரல் ஆயில் ஊற்றியாயிற்று. பிளக்கைத் துடைத்துப் போட்டாலும் மறுபடி கறுப்பாக, ஈரமாகிவிடுகிறது. திருத்துறைப்பூண்டி வரை ஒரே சமதளம், மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். இன்ஜினுக்குச் சுமையே விழவில்லையோ என்று தோன்றுகிறது. அப்பா வயலுக்குப் போக இந்த ஒரு வண்டிதான்.

ரிங் சிலிண்டர் சுவரோடு படிந்து உட்கார, வேகத்தை மாற்றி மாற்றிக் கொஞ்சம் சுமையோடு ஓட்டிப் பார்க்கலாமா, இல்லை இப்போதே இன்ஜினைப் பிரித்துவிட வேண்டுமா?