தாத்தாவின் உடுக்கைப் பாட்டும் கறுப்புப் பெட்டியும்

ரங்கூனிலிருந்து:

2011 தீமிதியில் எங்கள் தாத்தா உடுக்கை அடித்துப் பாடியதைச் சின்ன கேமரா ஒன்றில் பிடித்து வைத்திருந்தேன். பதினோரு நிமிடம். பூக்குழிச் சத்தத்துக்கு நடுவே தொண்டை கட்டி ஒரு வரியை விட்டுவிடுவார், இருமுவார், மறுபடி அதே வரியைப் பிடிப்பார். அடுத்த வருடம் அவர் இல்லை.

ஃபிளாஷ் என்ற துணை மென்பொருள் இல்லாமலே வீடியோ ஓட்டும் ஃபயர்ஃபாக்ஸ் 3.5 பிரவுசர் வந்து அப்போது இரண்டு வருடம். ஓக் தியோரா என்ற திறந்த வீடியோ ஃபார்மட்டுக்கு யாருக்கும் உரிமப் பணம் கட்ட வேண்டாம் என்று படித்து, ஆசையாக அதிலேயே மாற்றிக் குடும்பப் பக்கத்தில் போட்டேன். நெட் கஃபேக்கு மூன்று நாள் அலைந்து ஏற்றினேன். பர்மாவில் 1,500 கியாட்டுக்கு சிம் கிடைக்கத் தொடங்கிய 2014க்கு முந்தைய கதை இது.

போன தண்ணித் திருவிழா விடுமுறையில் மகளுக்குக் காட்டலாமென்று திறந்தால் கறுப்புப் பெட்டி. ஃபைல் கெட்டுப்போனது என்றே நினைத்தேன். அன்று சோறு இறங்கவில்லை. அதை இறக்கி விஎல்சி பிளேயரில் போட்டதும் உடுக்கைச் சத்தம் கேட்டது பாருங்கள், அப்போதுதான் உயிர் வந்தது.

தேடிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. 2024இல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் தியோராவைக் கைவிட்டிருக்கின்றன. பயன்படுத்துவோர் மிகக் குறைவு, அதைப் பிரித்துப் படிக்கும் பழைய டிகோடரில் பாதுகாப்பு ஓட்டை வருமோ என்ற கவலை வேறு. நியாயமான காரணம்தான். திறந்த ஃபார்மட் என்றால் பிரவுசர் என்றைக்கும் ஓட்டும் என்று நான் நம்பியது தப்பு. ஆனால் அந்த ஃபார்மட் யாருடைய பூட்டிலும் இல்லை. அதனால்தான் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் இன்றும் அந்த ஃபைலைப் படிக்கிறது. அதைக்கொண்டு விபி9 வெப்எம் என்ற வேறொரு திறந்த ஃபார்மட்டுக்கு மாற்றிப் போட்டுவிட்டேன். பழைய தியோரா ஃபைலை (ஓஜிவி) அழிக்கவில்லை. மாற்ற மாற்றப் படம் மங்கும், இனி எதற்கு மாற்றினாலும் அதிலிருந்தே மாற்ற வேண்டும்.

மோல்மேனிலிருந்து:

அண்ணே, அவர் இருமிவிட்டு அந்த வரியைத் திரும்பப் பிடிக்கும் இடத்தை ரெண்டு தடவை கேட்டேன்.

என் அனுபவம் வேறு மாதிரி. டேட்டா மிச்சமாகும் என்று கோயில் வீடியோவை ஏவி1 என்ற புதிய ஃபார்மட்டில் மட்டும் போட்டேன். ஃபைல் நன்றாகவே சுருங்கியது. அத்தையின் பழைய ஃபோனில் ஓடவும் செய்தது, ஆனால் விட்டு விட்டு ஓடியது, முதுகுப்பக்கம் கொதித்தது, கால் மணி நேரத்தில் சார்ஜ் பாதி போய்விட்டது. ஏவி1ஐப் பிரிக்கும் சிப் அதில் இல்லை, எல்லா வேலையும் பிராசசர் தலையில். பிரவுசர் ஓட்டுவேன் என்று சொன்னாலும் ஃபோன் தாங்க வேண்டுமே. ஏவி1ஐ எடுத்துவிட்டு வெப்எம் மேலே, பழைய ஃபோன்களிலும் ஓடும் எச்264 எம்பி4 கீழே என்று, எந்த ஃபைலை எடுக்கலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் இரண்டு சோர்ஸ் வரி பக்கத்தில் எழுதினேன். பிரவுசர் மேலிருந்து பார்த்து, தன்னால் முடிந்த முதல் ஃபைலை எடுத்துக்கொள்ளும். டைப்பையும் (ஃபைல் வகை) கோடெக்கையும் (சுருக்கிய முறை) அந்த வரியிலேயே எழுதிவிடுங்கள் அண்ணே. எழுதாவிட்டால் ஃபைலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்யும், நம் ஊர் டேட்டா விலைக்கு அது வீண்.

ரங்கூனிலிருந்து:

சரி தம்பி, எம்பி4ஐ இன்று ராத்திரியே சேர்த்துவிடுகிறேன். சித்தி ஃபோனும் பழசு. அவர் இன்னும் பாட்டைக் கேட்கவில்லை.