பழுது கண்டறிவதற்காகப் பழைய கேர்னலை நிறுவி வைத்திருப்பது எப்படி?

கேள்வி: உவர்மலை_கணினிக்கூடம்

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் தனியார் கல்வி நிலையம் ஒன்றின் கணினிக்கூடத்தைப் பராமரித்து வருகிறேன். எல்லா மடிக்கணினிகளிலும் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 24.04 நிறுவப்பட்டுள்ளது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னல் 6.8 இலிருந்து 6.14 க்கு மாறிய பின்னர், உறக்கநிலைக்குப் போன கணினி ஒழுங்காக விழிப்பதில்லை. மூடியைத் திறந்ததும் மின்விளக்கு எரிகிறது, விசிறியும் சுழல்கிறது, ஆனால் திரை கறுப்பாகவே நிற்கிறது. மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியிருப்பதால், மாணவர்கள் சேமிக்காத வேலை அழிந்து போகிறது.

கணினி தொடங்கும்போது எந்தக் கேர்னல் என்று கேட்கும் க்ரப் பட்டியலில் 6.8 ஐத் தெரிவு செய்து தொடக்கினால் இந்தக் கோளாறு இல்லை. ஆனால் சில கணினிகளில் 6.8 ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது. அதை மீண்டும் நிறுவி, நீங்காமல் வைத்திருக்க என்ன செய்ய வேண்டும்? அதிலேயே தொடர்ந்து இயங்குவது பாதுகாப்பானதா?

பதில் 1: நிலாவெளியான்

வணக்கம் ஐயா. 6.8 இன்னும் உபுண்டுவின் களஞ்சியத்தில் இருப்பதால் ஏபிடி என்ற மென்பொருள் நிறுவும் கருவி மூலமே நிறுவலாம். கேர்னல் அடங்கிய இமேஜ் பொதியை (மென்பொருள் தொகுப்பை) மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். டிரைவர்கள் அடங்கிய மொடியூல்ஸ், மொடியூல்ஸ்-எக்ஸ்ட்ரா ஆகிய பொதிகளும் அதே பதிப்பில் இருக்க வேண்டும். எக்ஸ்ட்ரா இல்லாவிட்டால் பல கணினிகளில் வைபையோ ஒலியோ வேலை செய்யாது. டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கேர்னலுக்கும் டிரைவரை மீண்டும் கட்டும் கருவி) வழியாகக் கட்டப்படும் டிரைவர் ஏதேனும் இருந்தால் ஹெடர்ஸ் பொதியும் தேவை. எல்லாம் சேர்ந்து 100 மெகாபைட்டுக்கு மேல் வரும் என்பதால், கைபேசி டேட்டாவில் இறக்குவதாக இருந்தால் ஒரு கணினியில் இறக்கிய டெப் கோப்புகளையே மற்றவற்றுக்கும் பிரதி எடுத்து நிறுவுங்கள்.

தேவையற்ற பொதிகளை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளை, இப்போது இயங்கும் கேர்னலையும் ஆகப் புதியதையும் எப்போதும் விட்டுவைக்கும், மற்றவை நீக்கப்படலாம். ஆகவே நீங்கள் காப்பாற்ற விரும்பும் பொதிகளை ‘ஏபிடி-மார்க் மேனுவல்’ கட்டளையால் குறித்து வையுங்கள். க்ரப் பட்டியலைக் காண ஷிஃப்ட் விசையை (புதிய வகைத் தொடக்க முறையான யுஈஎஃப்ஐ உள்ள கணினியானால் எஸ்கேப் விசையை) தேடி அழுத்தும் சிரமம் மாணவர்களுக்கு வேண்டாம் என்றால், க்ரப் அமைப்புக் கோப்பில் பட்டியல் ஐந்து விநாடி தெரியும்படி மாற்றி ‘அப்டேட்-க்ரப்’ இயக்குங்கள்.

பதில் 2: கொட்டியாரக்குடா

மேலே சொன்னது சரி. ஆனால் ‘ஹோல்ட்’ என்பதையும் ‘மேனுவல்’ என்பதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. மேனுவல் என்று குறித்தால் பழையது நீங்காது, புதியதும் வழக்கம்போல வரும். புதியவற்றை இழுத்து வரும் மெட்டா பொதியை ஹோல்ட் செய்து, புதுப்பிக்கப்படாமல் நிறுத்தினாலோ பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்தே நின்றுவிடும். பலர் கைவைக்கும் கணினிகளில் இது பெரிய ஆபத்து. 2022 இல் வெளிவந்த டர்ட்டி பைப் என்ற குறைபாடு 5.8 இலிருந்தே கேர்னலில் இருந்தது. சாதாரணப் பயனர் கணக்கு ஒன்று மட்டும் உள்ளவர்கூட, வாசிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பை மாற்றி எழுதி முழு அதிகாரத்தைப் பெற அது வழிவிட்டது. உரிய திருத்தம் வராத கேர்னலில் நின்றவர்களுக்கு அந்தக் கதவு திறந்தே கிடந்தது.

பழைய கேர்னலின் உண்மையான பயன், பழுது எங்கே புகுந்தது என்று காட்டுவதுதான். 6.8 இல் சரி, 6.14 இல் பிழை என்பது இப்போது தெரியும். இடையில் 24.04 க்கு 6.11 உம் வந்தது. அதை ஒரு கணினியில் நிறுவிச் சோதித்தால் தேடும் எல்லை பாதியாகக் குறையும். திரை கறுத்து அணைத்த பிறகு அடுத்த தொடக்கத்தில் ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி -1’ என்று கொடுத்தால், முந்தைய இயக்கத்தின் கேர்னல் பதிவுகள் கிடைக்கும். அவற்றின் கடைசி வரிகளையும், நன்றாக விழித்த 6.8 இன் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டையும் இணைத்துப் பிழை அறிக்கை எழுதினால், திருத்துபவர்களுக்கு அது மிகப் பெரிய உதவி.

பதில் 3: சாம்பல்தீவு_லினக்ஸ்

உங்கள் சூழலில் 6.8 ஐக் கைவிடப்பட்ட கேர்னலாகக் கருத வேண்டியதில்லை. 24.04 வெளியான நாளில் அதனுடன் வந்தது அதுதான்; 2029 வரை அதற்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். டெஸ்க்டொப் பதிப்பில் ‘எச்டபிள்யூஇ’ (புதிய வன்பொருளுக்காகப் புதிய கேர்னல்களைத் தரும்) மெட்டா பொதி இருப்பதால்தான் கணினிகள் 6.11 க்கும் பின்னர் 6.14 க்கும் நகர்ந்தன. எனவே ஒரு குறிப்பிட்ட பழைய பதிப்பைப் பிடித்து வைப்பதை விட, 6.8 இலேயே தொடரும் ‘லினக்ஸ்-ஜெனரிக்’ என்ற மெட்டா பொதியை நிறுவி, எச்டபிள்யூஇ மெட்டா பொதியை நீக்கிவிடுவது நல்லது. இயல்பாக க்ரப் உயர்ந்த எண்ணுள்ள கேர்னலையே தெரிவு செய்யும் என்பதால், 6.8 இல் தொடக்கி இயங்கும் கேர்னலைக் காட்டும் ‘யூநேம் -ஆர்’ கட்டளை கொண்டு உறுதிப்படுத்திய பின்னரே 6.14 ஐ அகற்றுங்கள்.

கேட்டவர்: உவர்மலை_கணினிக்கூடம்

மூவருக்கும் மிக்க நன்றி. மாணவர்களின் கணினிகளை லினக்ஸ்-ஜெனரிக் பொதிக்கு மாற்றுகிறேன். ஒன்றில் மட்டும் 6.11, 6.14 இரண்டையும் வைத்துச் சோதிப்பேன். உபுண்டு தரும் மெயின்லைன் கேர்னல்களையும் அதிலேயே முயலலாமா?

பதில் 4: கொட்டியாரக்குடா

தாராளமாக முயலலாம். அவை உபுண்டுவின் மாற்றங்கள் சேராதவை என்பதால், பழுது மூலக் கேர்னலில் உள்ளதா, உபுண்டுவின் சேர்க்கையில் உள்ளதா என்று பிரித்தறிய உதவும். ஆனால் அவை கையொப்பமிடப்படாதவை. கையொப்பம் உள்ளவற்றை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் இயங்கினால் அவை தொடங்காது. சோதனைக் கணினியில் மட்டும் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு முயலுங்கள், மாணவர் கணினிகளில் வேண்டாம்.